பலகையின் அடிப்பக்கம்

குழந்தைகள் உட்காரப்போகிற எதையும் சாருமதி மேலே மட்டும் பார்த்துவிட்டு ஒப்படைப்பதில்லை. அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். பெரியவர்கள் பலகையின் மேலே உட்கார்ந்து எழுந்து போய்விடுவார்கள். குழந்தைகளின் விரல்கள் அடிப்பக்கம்தான் போகும். அங்கே சூயிங்கம் ஒட்டும், பென்சிலால் கிறுக்கும், சிராய் ஏற்றிக்கொண்டு அழும். அதனால் சரவணம்பட்டியில் ஷோபனாவின் புது ஃபிளாட்டில், அவள் மகளுக்கென்று ஒதுக்கிய அறையில், ஜன்னலடியில் போட்டிருந்த உட்காரும் பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இடது கையை அடியில் விட்டு ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். வழுவழுப்பாக இருந்தது. அவள் பட்டறையின் சவரிமுத்து ஆசாரி யாரும் பார்க்காத பக்கத்தையும் இழைக்கிற ஆள். பாலீஷும் நன்றாகப் பிடித்திருந்தது. கடைசியில், சுவரை ஒட்டிய முனையில், விரல்கள் எதிலோ இடறின. ஒரு வெட்டு. பக்கத்தில் இன்னொரு வெட்டு. அதற்கும் பக்கத்தில் ஒன்று. விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. பார்க்காமலே தெரிந்தது. இருந்தாலும் கன்னம் தரையில் படும்படி சாய்ந்து, செல்போன் வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தாள். உளியால் போட்ட மூன்று கோடுகள், நடுக்கோடு மட்டும் கொஞ்சம் சாய்வாக. பக்கத்துப் பலகையின் முனையில் இரண்டு கோடுகள். அப்பா போட்டவை. இது அப்பாவின் கட்டில்.

எழுந்திருக்கத் தோன்றவில்லை. தரை ஓடு கன்னத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சுவர் முழுதும் தெரிந்தது. காலையில் அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. ஈரச் சுண்ணாம்பு சாம்பல் நிறமாக, அழுக்குப் போலத்தான் தெரியும். காயக் காய வெளுக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள். ஷோபனாவும் ஹால் சுவருக்கு அடித்த அன்று போன் செய்து, சுவர் திட்டுத் திட்டாத் தெரியுதுங்களேக்கா என்று கவலைப்பட்டாள். சாயங்காலம் வரை பொறுங்கள் என்று சாருமதி சொன்னாள். சாயங்காலம் ஷோபனாவே மறுபடி போன் செய்து சிரித்தாள். இப்போது வலது மூலையில் ஒரு தலையணை அளவுக்குச் சாம்பல் மிச்சம் இருந்தது. மகளைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு நேராக வருவதாக ஷோபனா செய்தி அனுப்பியிருந்தாள். அந்த மூலை வெளுப்பதற்குள் வந்துவிடுவாள். வந்து, ஒவ்வொரு சாமானையும் தொட்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்ததே சாருமதிதான். ஹாலில் இருக்கும் புத்தக அலமாரி ஒரு மூடிப்போன தட்டச்சுப் பள்ளியின் மேஜைகள். சமையலறைப் பலகைகள் ஒரு நூல் மில்லின் ஜன்னல் சட்டங்கள். திரைச்சீலைகள் கறை பட்டு விலை போகாத சென்னிமலைப் போர்வைகள், கறை பட்ட இடங்களை வெட்டிவிட்டுத் தைத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கதை உண்டு. வாடிக்கையாளர்கள் விருந்தாளிகளிடம் அதைத் திருப்பிச் சொல்லும்போது தாங்களே தேடிப் பிடித்ததைப் போலச் சொல்வார்கள். பழைய சாமான்களைக் கொண்டு வீடுகளின் உள்ளே அமைத்துக் கொடுக்கிற அவளுடைய தொழிலின் பாதி அதுதான்.

ஷோபனா போட்டது ஒரே நிபந்தனை. முதல் நாள் சந்திப்பில், பழைய ஃபிளாட்டின் சமையலறையில் நின்றுகொண்டு, காபியை ஆற்றிக்கொண்டே, பழசு எதுவானாலும் எனக்குச் சரிங்கக்கா, சாவு வீட்டுச் சாமான் மட்டும் வேண்டாம்ங்க என்றாள். சொன்னபிறகு அவளுக்கே கூச்சமாகிவிட்டது போல, குரலை இறக்கிக் காரணமும் சொன்னாள். அவள் கணவன் கதிர்வேலுக்கு முந்தின வருஷம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு பிழைத்தவன். திரும்பி வந்திருக்காருங்க, வந்தவர் இருக்கட்டும் என்றாள். ஆமாம், இருக்கட்டும். அதில் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாருமதி சொன்னாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ விஷயங்களுக்குச் சொன்ன சொல். சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எதை வாங்கவேண்டும் என்று சொல்லாதீர்கள், எதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை என்று சொல்லுங்கள். எல்லா வீட்டிலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அது. ஷோபனா யோசித்து, மாவாட்டுகிற கிரைண்டர், ஒரு உடைந்த நாற்காலி, கதிர்வேலின் ஆஸ்பத்திரிப் பை என்றாள். பையை எதற்கு என்று கேட்டதற்கு, தெரியலீங்க என்றாள். அந்தப் பை இப்போது பரணில் இருக்கிறது. நாற்காலிக்குக் கால் மாற்றியாகிவிட்டது.

ஒருவேளை வேறு கட்டிலாக இருக்குமோ? எழுந்து உட்கார்ந்து சவரிமுத்துவுக்குப் போன் செய்தாள். ஜன்னல் பலகைக்கு எந்த மரம் எடுத்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். பட்டறையில் பின் சுவரோரம் சாத்தியிருந்த தேக்குதான், அருமையான மரம், ஒரு ஆணி ஓட்டை கூட இல்லை என்றார். அதில் துணி கட்டியிருந்ததே என்றாள். துணி எதுவும் இருந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஓ, அந்த மல் வேட்டித் துணிங்களா, அது பாலீஷ் போட எடுத்துட்டேனுங்களே, நல்லா பழகின துணி, பஞ்சாட்டம் இருந்துச்சு என்றார். பிறகு, ஏனுங்க மேடம் என்றார். ஒன்றுமில்லை, பாலீஷ் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். அவரை என்ன சொல்ல முடியும்? பாலீஷுக்குப் புதுத் துணி வாங்கக்கூடாது, நன்றாகத் துவைத்துப் பழகின வேட்டிதான் மரத்துக்கு நல்லது என்று அவரிடம் சொன்னது அவள்தான். பட்டறையில் இருக்கிற மரத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வாங்கப் போக வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். பலகைகளைத் தொட வேண்டாம் என்பதற்கு அடையாளமாக ஒரு சிவப்பு பெயின்ட் கோடு போட்டிருக்கலாம். அப்பாவின் மரத்தில் பெயின்ட் போட மனசு வராமல், அப்பாவின் வேட்டியிலிருந்தே ஒரு பட்டை கிழித்துக் கட்டினாள். ஆசாரி ஒரு வாரம் அந்தத் துணியைப் பார்த்திருப்பார், அது வீணாகிறதே என்று நினைத்திருப்பார். துணியை எடுத்த அன்றைக்கே மரமும் மற்ற மரங்களோடு மரமாகிவிட்டது. இப்போது அந்த வேட்டியாலேயே தேய்த்த மினுமினுப்பு. முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். அரக்கு வாசனைதான் வந்தது. வேறு என்ன வரும்?

அப்பா சர்வேயர். இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர். தர்மபுரி, விருத்தாசலம், பரமக்குடி, மறுபடி தர்மபுரி. எல்லா ஊரிலும் வாடகை வீடு, எல்லா வீட்டுக்காரருக்கும் ஒரே பேச்சு, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. அம்மா அதைச் சட்டம் போலக் காப்பாற்றினாள். காலண்டர் கதவுக் கொண்டியில் தொங்கும். சாமி படங்கள் அலமாரித் தட்டில் சாய்ந்து நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கும், அப்பா ஷேவ் செய்யும்போது ஜன்னலுக்கு வெளியே போகிறவர்கள் அவருக்கு வணக்கம் வைப்பார்கள். புடவைகளை இரண்டாக மடித்துத் திரை போட்டு ஒரே அறையை இரண்டு அறையாக்குவாள் அம்மா. வீட்டைக் காலி செய்கிற அன்று சுவரில் ஒரு புள்ளி இருக்காது. வீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, இங்கே குடும்பம்தான் இருந்ததா என்பார்கள். சாருமதிக்கு அது பாராட்டாகத்தான் இருந்தது, ரொம்ப வருஷம். பத்திரிகைக்காரப் பெண்கள் வந்து, இந்தத் துறையில் உங்களுக்கு எப்படி ஆர்வம் வந்தது மேடம் என்று கேட்கும்போது மண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும் காட்டைப் பற்றியும் ஏதாவது சொல்வாள். அவர்களும் எழுதிக்கொள்வார்கள். எல்லாம் உண்மைதான். புது பிளைவுட் அலமாரியைத் திறந்தால் வருகிற பசை நாற்றம் அவளுக்குப் பிடிக்காது, பிளாஸ்டிக் பெயின்ட் பூசின சுவர் மூச்சு முட்டுகிறது, ஏ.சி. இல்லாமல் ஒரு அறையைக் குளிர்விக்க முடியும் என்று பலமுறை செய்து காட்டியிருக்கிறாள். ஆனால் ஆரம்பம் ஆணியில் இருந்தது. அடிக்கக்கூடாத ஆணியில். இன்றும் அவள் எதையும் ஆணி அடித்துச் சேர்ப்பதில்லை. எல்லாம் திருகாணி. திரும்பக் கழற்ற முடியாத ஒன்றைச் செய்வது அவளுக்குத் திருட்டுத்தனம் போலத் தோன்றும்.

அந்த வீடுகளிலெல்லாம் அப்பா சொந்தமாக வாங்கிய ஒரே மரச்சாமான் இந்தக் கட்டில். தேக்குப் பலகைக் கட்டில், நான்கு கால், இரண்டு சட்டம், ஐந்து பலகை, எல்லாம் போல்ட்டும் நட்டும். மாற்றல் உத்தரவு வந்தால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவரே கழற்றுவார், வேறு யாரையும் தொடவிடமாட்டார். புது ஊரில் எந்தப் பலகை எந்த இடம் என்று குழம்பாமல் இருக்க முனையில் கோடு போட்டு வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மூன்றாவது பலகையில் உளி வழுக்கிக் கட்டைவிரலைக் குத்திவிட்டது. அதனால்தான் நடுக்கோடு சாய்வு. நிலத்தைத் துல்லியமாக அளக்கிற மனிதர் அந்தக் கோணல் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுளிப்பார். இந்தா, இது எவன் போட்டது என்று தன்னைத்தானே கேட்பார். அந்தக் கட்டிலில்தான் கடைசி எட்டு மாசம். அண்ணன் முரளி ஓசூரில் இருந்தான், அம்மாவுக்கு முட்டி வலி, சாருமதி கோயம்புத்தூரில் தன் வாடகை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். ஸ்பானர் அவள் கைக்கு வந்தது. கட்டிலை மாட்டும்போது அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி, மூணை நாலுல வைக்கிறே என்று திருத்தினார். அதன் பிறகு அவர் திருத்தியது ரொம்பக் கொஞ்சம். பேச்சு போனது, பிறகு கை. அவள் பக்கத்தில் நின்றே கஞ்சி கொடுத்தாள், நின்றே முகம் துடைத்தாள். நோயாளி கட்டிலில் உட்காரக்கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள், கட்டில் அசைந்தால் அவருக்கு வலிக்கும். எட்டு மாசமும் உட்காரவில்லை. ஒரு நாளாவது ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம். வலித்திருக்குமா? வலித்தால் வலித்துவிட்டுப் போகிறது என்று அவர் நினைத்திருக்கலாம், சொல்லப் பேச்சில்லாமல் போயிருக்கலாம்.

மனசு எப்போதும் வந்து மாட்டிக்கொள்கிற இடம் அடுத்தது. மூச்சு மாறியதும் அம்மா, தரையில இறக்குங்க, கட்டில்ல போகக்கூடாது என்றாள். முரளி தோள்களைப் பிடித்தான், அவள் கால்களைப் பிடித்தாள். கீழே பாய் விரித்திருந்தது. கட்டிலுக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றரை அடி. அந்த ஒன்றரை அடிக்குள் எங்கேயோ அது நடந்தது. தூக்கும்போது பாதங்களில் ஒரு இழுப்பு இருந்தது, பாயில் வைத்தபோது இல்லை. இருந்ததா? அவள் கைக்குத்தான் தெரியும், கையிடம் கேட்க முடியாது. அம்மா எல்லோரிடமும் தரையில்தான் போனார் என்று சொன்னாள், அதில் அவளுக்கு ஒரு சமாதானம். காரியம் முடிந்த அன்று, கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு, வீட்டில் வைக்காதே என்று முரளி சொன்னான். கால்களையும் சட்டங்களையும் கொடுத்தாள். பலகைகளைக் கொடுக்கவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சாத்தி, துணியைக் கட்டினாள். ஒரு பழைய பொருளைக் கையில் எடுத்ததும் அது என்னவாகும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மில் ஜன்னலைப் பார்த்ததுமே சமையலறைப் பலகை தெரிந்தது. இந்த ஐந்து பலகைகள் மட்டும் பலகைகளாகவே இருந்தன.

இப்போது இது ஜன்னல் இருக்கை. பார்க்கவும் நன்றாக இருக்கிறது, அதுதான் கஷ்டம். மேற்கு வெயில் பலகையின் பாதியில் விழுந்து தேக்கின் வரிகளைத் தேன் நிறமாக்கியிருந்தது. ஏழு வயதுப் பெண் காலை மடக்கி உட்கார்ந்து தெருவைப் பார்க்கச் சரியான உயரம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அப்பா தரையில்தான் போனார், அம்மாவே சொல்கிறாள், அப்படியானால் கட்டில் வெறும் கட்டில். இல்லை, நிபந்தனை கட்டிலைப் பற்றியது அல்ல, சாவு வீட்டுச் சாமான். அப்படிப் பார்த்தால் இந்த ஃபிளாட்டில் எது சாவு வீட்டுச் சாமான் இல்லை? பழைய மரம் கிடைக்கிற வீடு எப்போது இடிபடுகிறது? அதில் இருந்த பெரியவர்கள் போய், பிள்ளைகள் பங்கு பிரித்து விற்ற பிறகுதானே? தட்டச்சுப் பள்ளி ஏன் மூடியது என்று அவள் கேட்டிருக்கிறாளா? மேஜைகளை ஏற்றும்போது அந்த அம்மாள் வாசலில் வெறும் நெற்றியோடு நின்றாள், சாருமதி பார்த்தாள், பார்த்துவிட்டு மேஜையின் காலைப் பார்த்தாள். ஒரு வரி கதைகளில் எல்லாம் பாதி வரி விட்டுப்போயிருந்தது. அந்தப் பாதியை அவள்தான் வெட்டினாள், போர்வையில் கறையை வெட்டியது போல. ஷோபனாவிடம் அன்று, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதே பொய்யா? இல்லை. தெரியாதது பொய் ஆகாது. தெரிந்துகொண்டே வைப்பதுதான் வேறு. மற்ற சாமான்களுக்கு யாரும் அவளிடம் வந்து சொல்லவில்லை. இதற்கு மட்டும் அவளே சாட்சி. கால்களைப் பிடித்தவள்.

சொல்லிவிடலாம். சொன்னால் ஷோபனா வேண்டாம் என்பாள். வேண்டாம் என்றால் பலகை திரும்ப வந்துவிடும். அந்த இடத்துக்கு வந்ததும் சாருமதிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. நேர்மைக்காகச் சொல்கிறாளா, மரம் திரும்ப வேண்டும் என்பதற்காகவா? ஒரு பயந்த பெண்ணின் பயத்தைப் பயன்படுத்தி, தன் பொருளைத் தானே மீட்டுக்கொள்கிறாளா? சரி, அப்படியானால் சொல்லாமல் இருப்பதுதான் தியாகமா? அதுவும் இல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஜுரம் வந்தால், கதிர்வேலுக்கு நெஞ்சில் கொஞ்சம் வலித்தால், ஷோபனாவுக்கு ஒன்றும் தெரியாது, நிம்மதியாக டாக்டரிடம் போவாள். சாருமதிதான் எங்கேயாவது உட்கார்ந்து அந்த மூன்று கோடுகளை நினைப்பாள். நம்பிக்கை இல்லாதவள் நினைப்பாள். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்றால் கால்களையும் சட்டங்களையும் ஏன் கொடுத்தாள்? வேறு மரம் போட்டு மாற்றிவிட்டு வாயே திறக்காமல் இருக்கலாம். நேரமில்லை. மூலையில் சாம்பல் திட்டு இப்போது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தது. லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

ஷோபனா கையில் ஒரு பை வறுத்த கடலையோடு வந்தாள். வாசலில் செருப்பை விட்டு, ஹாலைத் தாண்டி, நேராக மகள் அறைக்கு வந்து நின்று, சுவரைப் பார்த்து, அட வெளுத்துருச்சு என்றாள். பிறகு ஜன்னலிடம் போனாள். ஒன்றும் கேட்காமல் பலகையில் ஏறி, காலை மடக்கி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். அவள் மகள் எப்படி உட்காருவாள் என்று சாருமதி நினைத்திருந்தாளோ அப்படியே. கடலைப் பையைப் பிரித்து நீட்டினாள். வீடு மாறும் அன்று யார் யாரைக் கூப்பிடுவது என்பதைப் பற்றியும், கதிர்வேல் இப்போது இரண்டு மாடி ஏறுவதைப் பற்றியும் பேசினாள். பேசிக்கொண்டே உள்ளங்கையால் பலகையைத் தேய்த்தாள்.

"இதுக்குக் கதை சொல்லலியேக்கா. இது எங்கிருந்து வந்துச்சுங்க?"

"எங்க அப்பா கட்டில்லேருந்து."

"அட, அப்பாவுதா?" ஷோபனா சிரித்தாள். "பாவம், அவரைக் கீழ படுக்க வெச்சுட்டீங்களா?"

சாருமதி கையிலிருந்த கடலையைப் பார்த்தாள். "அப்பா ஆடியில போயிட்டாருங்க. எட்டு மாசம் இதுலதான் படுத்திருந்தார். இந்தப் பலகையைத் தனியா எடுத்து வெச்சிருந்தேன். பட்டறையில மாத்தி எடுத்துட்டாங்க. இப்பத்தான் அடியில கையை விட்டுப் பாத்தேன்."

ஷோபனா உடனே எழுந்திருக்கவில்லை. உடனே எழுந்தால் நன்றாக இருக்காது என்று அவள் நினைப்பது முகத்தில் தெரிந்தது. ஒரு காலை இறக்கினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு காலை. பிறகு எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பலகைக்கு எதிரில் சாருமதியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதுலதான்... போனாருங்களா?"

"தரையில இறக்கினோம். இறக்கறதுக்கு முன்னாடியா, இறக்கினப்புறமா, எனக்குத் தெரியாதுங்க."

அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியதும் அறை அப்படியேதான் இருந்தது. ஷோபனா சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"எனக்கு இதிலயெல்லாம் அவ்வளவா நம்பிக்கை இல்லீங்கக்கா. ஆனா..."

"ஆனாவுக்கு அப்புறம் வேண்டாம். கழட்டிடறேன். நாலு நாள்ல வேற போட்டுத் தர்றேன்."

"கழட்டினா உடையாதுங்களா?"

"உடையாது. கழட்டறதுக்குத் தோதாத்தான் பண்றது."

பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். திருகாணிகள் எல்லாம் முரண்டு பிடிக்காமல் வந்தன, சவரிமுத்து ஒவ்வொன்றிலும் துளி மெழுகு தடவியிருந்தார், அதுவும் அவள் சொன்னதுதான். ஷோபனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பலகையைச் சாருமதி தனியே எடுத்துச் சுவரில் சாத்திவிட்டாள். இரண்டாவது, மூன்று கோடு போட்டது, ஜன்னல் சட்டத்தில் கொஞ்சம் சிக்கியிருந்தது. ஒரு முனையைத் தூக்கினால் மறு முனை சுண்ணாம்பைக் கீறும் போலிருந்தது. அவள் தடுமாறுவதைப் பார்த்து ஷோபனா வந்தாள். தொடலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மறு முனையை இரண்டு கையாலும் பிடித்தாள். மெல்லக்கா, என் பக்கம் கனமா இருக்கு என்றாள். இருவரும் சேர்ந்து தூக்கி, நகர்ந்து, முழங்காலை மடக்கி, தரையில் இறக்கினார்கள். சத்தமே வரவில்லை. ஷோபனா கையை எடுக்காமல் குனிந்தபடியே இருந்தாள். ரொம்பக் கஷ்டப்பட்டாருங்களா என்று கேட்டாள். சாருமதி யோசித்துவிட்டு, கடைசியில பேச்சில்லை, அதனால தெரியலை என்றாள். இவருக்கும் ஒன்பது நாள் பேச்சில்லீங்க என்றாள் ஷோபனா. பிறகு இருவரும் எழுந்தார்கள். ஷோபனா குளியலறைக்குப் போய்க் கைகழுவும் சத்தம் கேட்டது, கொஞ்சம் அதிக நேரம். சாருமதிக்கு அதில் வருத்தமில்லை. வந்தவர் இருக்கட்டும்.

பலகைகள் படுக்கைவாட்டில் லிஃப்ட்டில் போகவில்லை, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவளும் பக்கத்தில் நின்றே இறங்கினாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் லோடு ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். திரும்பக் கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று பயந்திருந்தாள், வரவில்லை. அவள் வீடும் வாடகை வீடுதான், அங்கேயும் ஆணி அடிக்கக்கூடாது. இரண்டு பலகை இங்கே, மூன்று பட்டறையில். நாளைக்கு ஆசாரியிடம் சொல்லி வைக்க வேண்டும், துணி கட்டி அல்ல, வாயால். ஷோபனாவுக்குப் பதில் மரம் பார்க்க வேண்டும். எங்கே போனாலும் யாரோ போன வீடு. இந்தத் தடவை அந்தப் பாதி வரியையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஷோபனாவிடம் சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்று அவளையே முடிவு செய்யச் சொல்ல வேண்டும். வேலை இழுக்கும். சிலர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். போகட்டும். பலகைகளைப் பிடித்துக்கொண்டே நின்றதில் தோள் வலித்தது. தூணோரம் சுண்ணாம்பு கரைத்த வாளிகள் காலியாகக் கிடந்தன. இரண்டைக் கவிழ்த்து, மேலே ஒரு பலகையை வைத்தாள், கோடு போட்ட பக்கம் கீழே. இன்னொன்றை அதன் மேல் வைத்தாள். கையால் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

வாட்ச்மேன் ஆறுமுகம் பக்கத்தில் வந்து நின்றார். இந்த மூன்று மாசத்தில் அவள் ஏற்றின ஒவ்வொரு சாமானையும் நிறுத்தி விசாரித்தவர் அவர். வழக்கம் போலப் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தேக்குங்களா? எங்கீங்க வாங்குனது?"

"வாங்கலீங்க. எங்க வீட்டுது."

"மேல கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டாறீங்க. என்ன செய்யப் போறீங்க இதை?"

சாருமதி பலகையைப் பார்த்தாள். புத்தகத் தட்டு, பூத்தொட்டி மேடை, சமையலறை மணை, எதுவுமே தோன்றவில்லை.

"ஒண்ணும் செய்யலீங்க," என்று சொல்லிவிட்டு, அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.